நாலு முதல் பாடங்கள்

மகள் கைப்பேசியை நீட்டினாள். எம்.பி.ஏ. நுழைவுப் பரீட்சைக்கு மூன்று வகுப்புகள், மூன்றிலும் ஏழு நாள் இலவசமாம். "எதும்மா நல்லது?" என்றாள். கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்கிறாள், போங்கள்!

நான் கண்டியில் கந்தோர் வேலை பார்த்த நாளில் முதல் வகுப்பு மட்டும்தான் இலவசம். பக்கத்துக் கதிரை ரிஸ்னாவும் நானும் அதே பரீட்சைக்கு ஆயத்தமானோம். எழுத்தர் கதிரையை விட்டு எழும்ப வேறு வழி தெரியவில்லை. அவள் ஊர் கட்டுகஸ்தோட்டை, என் ஊர் புசல்லாவை. எழும்பினால் இரண்டு பேரும் சேர்ந்தே எழும்புவது என்று பேச்சு.

எனக்கோ நாலு கடை ஏறாமல் கத்தரிக்காய்கூட வாங்கத் தெரியாது. ஒரு கொப்பியில் கோடு போட்டேன்: ஆசிரியரின் ஆங்கிலம், மின்விசிறி, பஸ் நிலையம் எவ்வளவு தூரம்.

முதல் சனிக்கிழமை ஒரு பேக்கரி மாடி. கீழேயிருந்து மீன் பணிஸ் வாசனை வர, மேலே சதவீதக் கணக்கு நடந்தது. இன்றும் மீன் பணிஸைக் கண்டால் எனக்கு இருபது வீத விலைக்கழிவுதான் ஞாபகம் வரும். அடுத்த வாரம் வேறு மாடி. அங்கேயும் முதல் பாடம் சதவீதம். மூன்றாவதிலும் அதே.

"நீ வகுப்பு தேடுறியா, மாப்புள தேடுறியா?" என்றாள் ரிஸ்னா.

"இன்னும் ஒன்னே ஒன்னு பாத்துருவோம்டி."

"எனக்கு ஏலா. நான் பேக்கரி மாடில சேர்ந்துட்டேன்."

"அங்க ஃபேன் சுத்தாதுடி!"

"பரீட்சைய ஃபேனா எழுதப் போகுது?"

கோபித்துக்கொண்டு நாலாவதைப் பார்க்கத் தனியாகப் போனேன். சதவீதம்!

பரீட்சையில் முதல் கேள்வியும் சதவீதம். நாலு ஆசிரியர்கள், நாலு வழி. எது நல்ல வழி என்று நாலையும் போட்டு ஒப்பிட்டேன். நிமிர்ந்தால் ரிஸ்னா மூன்றாம் பக்கத்தில் இருந்தாள். இரண்டாம் பாடம் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவள் தேறினாள். பொறாமையில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவள் கொழும்புக்குப் போனாள். கடிதங்கள் வந்தன, குறைந்தன, நின்றன. பேக்கரி இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி போட்ட கைப்பேசிக் கடை. மற்ற மூன்று மாடிகள் எவை என்றே அடையாளம் தெரியவில்லை.

மகளின் மூன்று வகுப்புகளையும் திறந்து பார்த்தேன். மூன்றிலும் முதல் பாடம் சதவீதம். சிரிப்பை அடக்க முடியாமல், "அடியே, இங்க பாரு" என்று திரும்பினேன்.

பக்கத்துக் கதிரையில் மகள் இருந்தாள்.