நெருப்பு சுடாத கால்

ஓடத் தொடங்கிக் கொஞ்ச தூரம் போனதும் என் கால்விரல்கள் மதமதவென்று ஆகிவிடும். முதலில் எறும்பு ஊர்வது போல இருக்கும். அப்புறம் சுருசுருவென்று குத்தும். அதற்கும் மேலே ஓடினால் அந்த இடத்தில் விரல்கள் இருக்கின்றனவா என்றே சந்தேகம் வந்துவிடும். காலையில் என்னோடு ஓட வருகிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டார்கள். ஷூவை ஒரு சைஸ் கூட்டி வாங்கு, கயிற்றைத் தளர்த்திக் கட்டு, நின்று காலை உதறு. எல்லாம் சரிதான், தளர்த்தினால் சரியாகியும் விடுகிறது. ஆனாலும் நான் ரோட்டோரம் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, ஒவ்வொரு விரலாக நகத்தால் கிள்ளிப் பார்த்து, வலிக்கிறது என்று உறுதியான பிறகுதான் எழுந்திருப்பேன். அவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கிறது. என் அப்பாவின் காலை அவர்கள் பார்த்ததில்லை.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். அப்பா சின்ன வயதில் அடுத்தவர் பருத்திக் காட்டில் கூலிக்கு நின்றவர். எனக்கு விவரம் தெரிந்தபோது அருப்புக்கோட்டையில் ஒரு குடோனில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்கு இருந்த மரியாதை அந்த வேலையால் வந்ததில்லை. பங்குனிப் பொங்கலுக்கு அவர் பூக்குழி இறங்குகிற அழகால் வந்தது. மற்ற ஆட்கள் தணலைக் கண்டதும் நாலு தாவலில் கடந்து மறுபக்கத்தில் பால் ஊற்றி வைத்த குழியில் போய் நிற்பார்கள். என் அப்பா நடப்பார். கும்பிட்ட கையை இறக்காமல், கோயில் வாசலைப் பார்த்தபடி, வரப்பில் போகிறவர் மாதிரி நிதானமாக நடப்பார். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. பெண்கள் குலவை போட்டு மூச்சு வாங்குவார்கள். "ஆத்தா அவுக கால்லயே வந்து உக்காந்துட்டா" என்று சொல்லி அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட வயதானவர்கள்கூட வருவார்கள். நான் பக்கத்தில் நின்று, தொடுகிறவர்களை வரிசையில் வரச் சொல்லி அதட்டிக்கொண்டிருப்பேன்.

அதே கால் வீட்டில் கேலிப்பொருளாகவும் இருந்தது. அப்பா பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வந்து சேரும்போது பல நாள் ஒரு காலில்தான் செருப்பு இருக்கும். எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியாது. "செருப்பு கழண்டதுகூடத் தெரியாம இவுக எந்த ராஜ்யத்த யோசிச்சுக்கிட்டு வாராகளோ" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். செருப்பைத் தேடி வந்த வழியே ஓடுவது என் வேலை. அப்பாவுக்குச் சுகர் இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். டீயில் சீனி போடாமல் குடித்தால் அது தன்னால் போய்விடும் என்று வீடே நம்பிக்கொண்டிருந்தது. சுகருக்கும் செருப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

இப்படிச் செருப்பைத் தேடி ஓடியே நான் ஓட்டக்காரி ஆகிவிட்டேன் என்று சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் பையன்களையும் முந்தி ஓடினேன். பாளையம்பட்டிப் பக்கம் ஒரு மைதானத்தில் நடக்கப்போகும் போட்டிக்கு என்னைச் சேர்த்த பீ.டி. சார், ஷூ போட்டு ஓடிப் பழகு என்று சொல்லிவிட்டார். அப்பா என் பாதத்தைத் தரையில் வைக்கச் சொல்லி, விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, குதிகாலிலிருந்து பெருவிரல் வரைக்கும் அளந்து ஒடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனார். கடைக்காரரிடம் எடுத்துக் கொடுப்பதற்குள் பஸ் நெரிசலில் குச்சியின் நுனி முறிந்திருக்க வேண்டும். சாயங்காலம் வந்த வெள்ளை கேன்வாஸ் ஷூவில் என் கால் நுழைய மறுத்தது. விரல்களை மடக்கி உள்ளே தள்ளினேன். சரியா இருக்கா என்று அப்பா கேட்டதற்கு, அளவெடுத்த மாதிரி இருக்கு என்றேன். வேறென்ன சொல்வேன், எனக்கு அதுவரைக்கும் ஷூ என்று ஒன்று இருந்ததே இல்லை.

கண்மாய்க்கரைதான் எனக்கு மைதானம். தண்ணீர் இல்லாத கண்மாய், உள்ளே முழுக்கக் கருவேல மரம். கரையின் மேல் பாதித் தூரம் ஓடுவதற்குள் விரல்கள் மரத்துவிடும். முதல் நாள் பயந்துபோய் நின்றேன். இரண்டு மூன்று நாளில் பயம் தெளிந்து வேறொரு எண்ணம் வந்தது. அப்பாவுக்கு நெருப்பு தெரிவதில்லை. எனக்குத் தரை தெரியவில்லை. அவர் காலில் வந்து உட்கார்ந்த ஆத்தா என் காலுக்கும் வந்துவிட்டாள். இனி நானும் ஒரு பொங்கலுக்குப் பூக்குழி இறங்குவேன், எனக்கும் வரிசை நிற்கும். அந்தச் சந்தோஷத்தில் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

பொங்கலுக்குக் காப்புக் கட்டியதும் அப்பா வேலைக்குப் போவதை நிறுத்திவிடுவார். அந்த வருஷம் காப்புக் கட்டிய அன்று சாயங்காலம் மஞ்சள் வேட்டியோடு நான் ஓடுவதைப் பார்க்கக் கரைக்கு வந்தார். ஓட்டம் ஒரு மாதிரி விந்துகிறதே என்று கையைக் காட்டி நிறுத்தினார். நான் மூச்சு வாங்கக்கூட நிற்காமல் என் பெருமையைச் சொன்னேன்.

"அப்பா, எனக்கும் வெரலு தெரியல. ஒங்களுக்கு வந்த மாதிரியே ஆத்தா எனக்கும் வந்துட்டா."

என்னைத் தூக்கிக் கொஞ்சப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முகம் செத்துப்போயிற்று. என்னைக் கரையில் உட்கார வைத்து, ஷூவைப் பிடுங்கி எறியாத குறையாகக் கழற்றினார்.

"எப்பருந்து இப்படி இருக்கு? ராத்திரி படுத்தா காந்துதா? நெசத்தச் சொல்லு தாயி."

பக்கத்துச் செடியில் ஒரு கருவேல முள்ளை ஒடித்து என் பெருவிரலில் வைத்து அழுத்தினார். சுருக்கென்றது. ஆனால் வலிக்கிறது என்று சொன்னால் ஆத்தா போய்விடுவாளே. பல்லைக் கடித்துக்கொண்டு, வலிக்கல என்றேன். அப்பா அடுத்த விரலில் அழுத்தினார். அதற்கும் வலிக்கல என்றேன். மூன்றாவது விரலில் முள்ளை இறக்கியேவிட்டார். ஊருக்குள் கேட்கிற மாதிரி நான் அலறினேன்.

"வலிக்குதா? நல்லா வலிக்குதா தாயி?"

வலிக்குது என்று அழுதுகொண்டே கத்தினேன். அப்பா என் காலைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கும்போது அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. பிள்ளையை முள்ளால் குத்திவிட்டுச் சந்தோஷப்படுகிற மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அவர் கவனம் அதற்குள் ஷூவுக்குப் போய்விட்டது. என் காலோடு வைத்துப் பார்த்தார். இடுப்பில் இருந்த சூரிக்கத்தியை எடுத்து, புத்தம்புது ஷூவின் முன்பக்கத்தை வாய் பிளந்த மாதிரி அறுத்துத் தள்ளினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கிடந்து கத்தினாள். "புது ஷூவ அறுக்குறதுக்கு ஒங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" அப்பா ரொம்ப நேரம் வாசலில் உட்கார்ந்து தன் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷமும் அவர் பூக்குழி இறங்கினார். காப்புக் கட்டியவர் பின்வாங்கினால் ஊருக்கே ஆகாது என்பார்கள். பின்வாங்க வேண்டும் என்று அவர் நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தத் தடவை அவர் கோயிலைப் பார்க்கவில்லை. குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு நடந்தார். பாதியில் ஒருமுறை பாதத்தைத் தணலில் அழுத்தி வைத்து, கொஞ்சம் நின்று, மறுபடி நடந்தார். கூட்டம் சாமியைக் கும்பிட்டு உருகியது. அப்பா நிமிர்ந்து பார்க்காததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பொங்கல் முடிந்து சில நாளில் வீட்டுக்குள் ஒரு வாடை அடித்தது. எலி எங்கேயோ செத்துக் கிடக்கிறது என்று அம்மா பானை சட்டியெல்லாம் புரட்டிப் போட்டுத் தேடினாள். கடைசியில் அது அப்பாவின் காலிலிருந்து வந்தது. உள்ளங்கால் வெந்து, புரையோடிக் கிடந்தது. அதோடுதான் அவர் நடந்து திரிந்திருக்கிறார். மதுரைக்குக் கொண்டுபோனோம். முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும். ஊரிலிருந்து பார்க்க வந்தவர்களில் ஒருவர், ஏதோ தீட்டுப் பட்டிருக்கும், இல்லாவிட்டால் ஆத்தா கைவிட மாட்டாளே என்று அப்பாவின் காதுபடவே சொன்னார். அந்த வாயைக் கிழித்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. அடுத்த பங்குனிக்கு அப்பா இல்லை. போட்டியில் நான் என்ன ஆனேன் என்று கேட்பவர்களுக்கு, விரல் வெளியே தெரிகிற ஷூவோடு ஓடி நாலாவதாக வந்தேன்.

கண்மாய்க்கரையில் நடந்ததில் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஷூவை அறுத்து முடித்த பிறகும் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முறைத்தபடி இருந்தேன். அப்பா என் எதிரே உட்கார்ந்து வலது காலை என் பக்கம் நீட்டினார். அதே முள்ளை என் கையில் கொடுத்தார்.

"இப்ப நீ குத்து. நான் கண்ண மூடிக்கிறேன். எந்த வெரல்ல குத்துறன்னு நான் சொல்லணும். சொல்லலைன்னா நான் தோத்துட்டேன், சரியா?"

பழி வாங்கக் கிடைத்த வாய்ப்பை விடுவேனா. பெருவிரலில் குத்தினேன். அப்பா பேசாமல் இருந்தார். அடுத்த விரலில் இன்னும் அழுத்தினேன், மிளகு அளவுக்கு ரத்தம் வந்து நின்றது. ஒவ்வொரு விரலாகக் குத்திச் சுண்டுவிரலுக்கும் வந்துவிட்டேன். அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கூர்ந்து கேட்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.

"ம்... குத்து தாயி. எதுக்குப் பயப்படுற?"

"குத்தியாச்சுப்பா. அஞ்சு வெரலும் முடிஞ்சுபோச்சு. நீங்க ஒண்ணுகூடச் சொல்லல."

அவர் கண்ணைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. திறந்து, தன் கால்விரல்களில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஆமா தாயி, தோத்துட்டேன்."

என்னை அழவைத்ததற்காக வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கோபமெல்லாம் போய், அப்பா தோத்துட்டாரு, அப்பா தோத்துட்டாரு என்று கைதட்டிக்கொண்டே கரையோடு ஓடினேன். அறுத்த ஷூவுக்குள் காற்றுப் பட்டு, விரல்களுக்கு நன்றாக உணர்வு வந்திருந்தது.