பாரமானதைத் தாங்கோ

என் தம்பி இத்தாலியிலிருந்து வந்து இறங்கியபோது அவனிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் உடுப்பு. மற்றதில், பழைய துவாய்களால் சுற்றிய சின்னக் கோப்பி மிசின் ஒன்று. இருபத்திரண்டு வருடம் கழித்து வருகிறவன் அக்காவுக்கு ஒரு சீலையாவது கொண்டுவருவான் என்று பார்த்தால், மிசினைத் தூக்கி என் குசினி மேசையில் வைத்துவிட்டு, "நாளைக்கு உங்களுக்கு எஸ்பிரசோ போட்டுத் தாறன்" என்றான். அங்கே ஒரு கோப்பிக் கடையில் வேலை செய்கிறவன். அதுதான் அவனுக்குத் தெரிந்த உபசாரம்.

எவ்வளவு நாள் நிற்பாய் என்று கேட்டேன். "பாப்பம்" என்றான். தர்மபுரத்து வீட்டில் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் அடுத்த மூன்று மாதத்தையும் ஓட்டினேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தாய் தகப்பன் இல்லை, புருசனும் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. எனக்கு அழுகை வருவதில்லை. ஒரு காலத்தில் நிறைய வந்தது, பிறகு நின்றுவிட்டது. அதை ஊரில் தைரியம் என்கிறார்கள். தைரியமாவது மண்ணாவது. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போலத்தான் இருக்கிறது. தொட்டால் தொடுகிறார்கள் என்று தெரியும், அவ்வளவுதான். ஆனால் தம்பி இங்கேயே நின்றுவிட வேண்டும் என்று மட்டும் எனக்கு ஆசை இருந்தது. அந்த ஒன்றில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

முதல் எஸ்பிரசோ நாசமாகப் போனது. கண்டிப் பக்கத்துக் கோப்பிக் கொட்டையை நான் தாச்சியில் வறுத்துக் கொடுத்தேன். அவன் அதை என் பிளெண்டரின் சின்னக் கோப்பையில் போட்டு அடித்தான். பாதி மா, பாதி குறுணி. மிசினில் போட்டதும் தண்ணீர் சர்ரென்று ஓடி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். மா கசப்பைத் தருமாம், குறுணி புளிப்பைத் தருமாம், இரண்டும் சேர்ந்தால் குடிக்க ஏலாதாம். எனக்கு எல்லாம் ஒரே கசப்பாகத்தான் இருந்தது. சீனி போடச் சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில், ஏதோ கோயிலுக்குள் செருப்போடு போனவள் மாதிரி உணர்ந்தேன்.

அன்றிலிருந்து அவனுக்கு இதே கதைதான். போனில் படம் படமாகக் காட்டுவான். நல்ல அரைக்கிற மிசினுக்குள்ளே பல்லு வைத்த இரண்டு இரும்புச் சக்கரம் இருக்கும், அவற்றின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கலாம் என்றான். அவனுடைய எஸ்பிரசோவுக்கு மாப்போல அரைபட வேண்டும். ஒரு மயிரிழை மாறினாலும் ருசி மாறும். நான் குடிப்பது சீலைத்துண்டில் தைத்த வடியில் சுடுதண்ணீர் ஊற்றி வடிக்கிற கோப்பி. அதற்கு ரவைபோலக் கரடாக வேண்டும், எல்லாம் ஒரே அளவில். இரண்டையும் ஒழுங்காகச் செய்கிற மிசின் குறைவாம்.

"அப்ப உனக்கு மட்டும் வாங்கன். எனக்குத்தான் உரல் இருக்கே."

"ரெண்டு பேர் இருக்கிற வீட்டில ரெண்டு பேருக்கும் அரைக்கிறதைத்தான் வாங்கவேணும் அக்கா."

ரெண்டு பேர் இருக்கிற வீடு. நான் அடுப்பை ஊதினேன்.

வவுனியாவில் மின்சாமான் விற்கிற ஒரு முஸ்லிம் முதலாளியிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அவர் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தருவதாகச் சொல்லி, இரண்டு வகை வந்ததும் கூப்பிட்டார். நானும் போனேன். தம்பிக்கு வியப்பு, நான் வவுனியாவுக்கு ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறொன்றுக்கும் போகிறவள் இல்லை.

முதலாளி இரண்டையும் கண்ணாடி மேசையில் வைத்தார். ஒன்று கையால் சுற்றுவது. தேத்தண்ணிப் போத்தல் அளவுதான், உருக்கு, ஒரு கைப்பிடி. அடியில் உள்ள வளையத்தைத் திருப்பினால் டிக் டிக் என்று எண்ணிக்கொண்டு போகலாம். மற்றது கரண்டில் ஓடுவது. அடிப்பாகம் இரும்பு, மேசையில் வைத்தபோது கண்ணாடி முனகியது.

"கையால சுத்திறது அரைவையில குறையில்ல" என்றார் முதலாளி. "ரெண்டுக்கும் சரிவரும். ஆனா எஸ்பிரசோவுக்குச் சுத்திச் சுத்திக் கை நோகும். மத்தது லேசு, ஒரு பட்டன்தான். கரண்ட் போனா மட்டும் சும்மா நிக்கும். ஒரு அரைவையிலயிருந்து மத்ததுக்கு மாத்தேக்க உள்ள நிண்ட தூள் கொஞ்சம் வரும், அதைக் கொட்டிப்போடோணும்."

தம்பி கையால் சுற்றுவதை எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தான். சட்டைப் பைக்குள்ளே போகுமா என்று பார்க்கிறவன் மாதிரி. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"முதலாளி, இதைப் பிளேனில கொண்டுபோகலாமோ?"

"தாராளமா. கைப்பையிலயே வைக்கலாம். ஆருக்கும் அனுப்பப் போறீங்களோ அம்மா?"

"அப்ப மற்றது?"

அவர் சிரித்தார். "அதை ஆர் அம்மா கொண்டுபோறது? அது வீட்டில வச்சுப் பாவிக்கிற சாமான்."

"பாரமானதைத் தாங்கோ" என்றேன்.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. அவன் சின்ன வயதிலேயே எல்லாம் விளங்குகிறவன். கையில் இருந்ததை மெதுவாகக் கண்ணாடியில் வைத்துவிட்டு, "அக்கா சொன்னதையே கட்டுங்கோ" என்றான்.

பஸ்ஸில் அதை மேலே தட்டில் வைக்க நான் விடவில்லை. கனகராயன்குளம் தாண்டும் வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தேன். தொடை விறைத்துப்போனது. கண்டக்டர், "அம்மா, பிள்ளையைச் சீற்றில இருத்துங்கோவன்" என்று பகிடி விட்டார். சனம் சிரித்தது. நானும் சிரித்திருப்பேன் போல. பக்கத்தில் இருந்த தம்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அதன் பிறகு வீட்டில் ஒரு ஒழுங்கு வந்தது. விடிய அவன் முதலில் தனக்கு அரைப்பான். பிறகு மிசினின் வளையத்தைத் திருப்பி, உள்ளே நின்ற மாத்தூளைக் கொட்டிவிட்டு எனக்கு அரைப்பான். இரண்டு மூன்று கிழமை அளந்து, குடித்துப் பார்த்து, வளையத்தில் கறுப்புப் பேனையால் இரண்டு கோடு போட்டான். ஒன்று அவனுடையது, மற்றது என்னுடையது. கொட்டுகிற தூளைக் கண்டு, "வீணாக்கிறாய்" என்று ஏசுவேன். "அது கலந்தா உங்கட வடியில இறங்காது" என்பான். ஒருநாள் அவன் படுத்துக் கிடக்கையில் அவனுடைய கோட்டிலேயே அரைத்து ஊற்றினேன். தண்ணீர் வடியில் அப்படியே நின்றது. சொட்டுச் சொட்டாக இறங்கியது வேப்பங்காய்க் கசப்பு. பெருமைக்காக முழுக்கக் குடித்தேன்.

சந்தோசமாக இருந்தேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. காலையில் அந்தக் கர்ரென்ற சத்தம் கேட்டால் எழும்புவேன். முன்பெல்லாம் எழும்ப ஒரு காரணமும் இல்லாமல்தான் எழும்பினேன்.

பிறகு என் புருசனுடைய திவசம் வந்தது. எங்களுக்குத் தேதி தெரியும். யுத்தத்தில் காணாமல் போனவர்களுக்குத் தேதியே இல்லாத இந்தப் பக்கத்தில் அந்த வகையில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். வருகிற சனத்துக்கு முதலில் கோப்பி கொடுக்க வேண்டும். எங்கள் கோப்பி வெறும் கொட்டை இல்லை. மல்லியும் காய்ந்த இஞ்சியான வேர்க்கொம்பும் சேர்த்து வறுத்து, ஒன்றாக இடித்தால்தான் அது கோப்பி. மற்றதை ஐயரே குடிக்கமாட்டார். முதல்நாள் தம்பி வாழையிலை வெட்டப் போயிருந்தான். தோள்மூட்டு நோவோடு உரலடிக்குப் போனவள், திரும்பி மிசினைப் பார்த்தேன். இவ்வளவு பெரிய மிசின் சும்மா நிற்கிறது, நான் ஏன் இடிக்க வேண்டும்? மூன்றையும் ஒன்றாகக் கொட்டிப் பட்டனை அமத்தினேன்.

மல்லி போனது. வேர்க்கொம்பு போகவில்லை. கறக்கென்று ஒரு சத்தம், பிறகு ஒரு முனகல், பிறகு ஒன்றுமில்லை. ஐயோ கடவுளே, கெடுத்துப்போட்டேனே என்று சத்தமாகவே சொன்னேன்.

அவன் வந்து பார்த்தான். வாழையிலையை வைத்துவிட்டு, பேப்பரை விரித்து, மிசினைத் துண்டு துண்டாகக் கழற்றினான். சக்கரத்தின் பல்லுக்கிடையில் சிக்கிய வேர்க்கொம்பை ஈர்க்கால் குத்தி எடுத்தான். தூரிகையால் துடைத்தான். திரும்பப் பூட்டி, இரண்டு கைப்பிடி வெறும் கொட்டையை அரைத்துக் கொட்டினான். மூன்றாவதை மோந்து பார்த்தான். மல்லி மணம் போகவில்லை. இனி அவனுடைய எஸ்பிரசோ எல்லாம் ரசம் மாதிரித்தான் மணக்கும் என்று எனக்கே தெரிந்தது.

நான் வாசலில் நின்று, ஏசடா, ஏசடா என்று காத்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் அவனுடைய பென்சிலை எடுத்தாலே வீட்டை இரண்டாக்குகிறவன். வவுனியாவுக்குப் போய் எடுத்த மிசின், அளந்து அளந்து கோடு போட்ட மிசின். விசரே உங்களுக்கு என்று ஒரு சொல் கேட்டால் போதும் என்றிருந்தது.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "பரவாயில்லை அக்கா. நீங்கள் பாவிக்கிறதுதானே. உங்களுக்கு இப்பிடித்தான் வேணும்."

நிற்கப் போகிறவன் ஏசியிருப்பான்.

"எப்ப போறாய்?" என்று கேட்டேன்.

அவன் மிசினின் மூடியைப் பூட்டினான், கழற்றினான், திரும்பவும் பூட்டினான். "வாற மாதம். விசா முடியப்போகுது. டிக்கெட் வரேக்கயே ரெண்டு பக்கத்துக்கும் எடுத்ததுதான்."

"அப்ப ஏன் இதை வாங்கினனி?"

"நீங்கள்தானே அக்கா கேட்டனீங்கள்."

அடுத்தநாள் திவசம் நடந்தது. கோப்பி நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். யார் அரைத்தது என்று கேட்டார்கள். மிசின் என்றேன்.

அவன் போகும்போது சின்னக் கோப்பி மிசினைத் துவாயில் சுற்றிக் கொண்டுபோய்விட்டான். அரைக்கிற மிசின் குசினி மேசையில் நிற்கிறது. அவனுடைய கோட்டுக்கு நான் திருப்புவதில்லை. என்னுடைய கோட்டில் மல்லியும் கொட்டையும் போட்டு அரைக்கிறேன். வேர்க்கொம்பை மட்டும் உரலில் இடித்துச் சேர்க்கிறேன். இப்போது கொட்ட வேண்டிய தூளே இல்லை.

போன கிழமை போன் எடுத்தான். அங்கே விடிய, இங்கே பத்து மணி இருக்கும். வேலைக்குப் போகிற பஸ்ஸுக்கு நிற்கிறானாம், குளிராம்.

"அக்கா, மிசினை ஒருக்காப் போடுங்கோ. சத்தத்தைக் கேப்பம்."

எனக்குக் கோபம் வந்தது. பல வருடத்துக்குப் பிறகு சுளீரென்று வந்த கோபம். எனக்கே புதினமாக இருந்தது.

"கரண்ட் இல்லையடா" என்றேன். தலைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப அந்தக் கையால சுத்திறதையே வாங்கியிருக்கலாம், என்ன?" என்று சிரித்தான்.

"ஓம். வாங்கியிருக்கலாம்" என்றேன். "நீ கொண்டுபோயிருப்பாய்."

பஸ் வந்துவிட்டது என்று சொல்லி வைத்தான். நான் போனை மேசையில் வைத்துவிட்டு, கொட்டையைப் போட்டுப் பட்டனை அமத்தினேன்.