முட்டிச் சில்லும் கம்பி முனையும்

டாக்டரே, நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. தப்பு உங்களுடையது.

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். மதுக்கரையில் ஒரு புது வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து, வலது முட்டிச் சில்லு இரண்டாக உடைந்தது. நீங்கள் இரண்டு ஊசிக் கம்பிகளைச் செருகி, மேலே மெல்லிய கம்பியை எட்டு போல வளைத்து இறுக்கிக் கட்டினீர்கள். எலும்பு கூடிய பிறகு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உடைந்த கோட்டில் மேடு பள்ளமே இல்லை. இருபது வருடமாகத் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிற எனக்கே அப்படியோர் இணைப்பு தினமும் அமையாது. படி ஏறினேன். காந்திபுரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். அதை மறுக்கமாட்டேன்.

ஆனால் வேலைக்குப் போய்த் தரையில் முட்டி போட்டதும் கம்பி முனை உள்ளிருந்து குத்தியது. கத்திக்கொண்டு எழுந்துவிட்டேன். கூட ஒட்டுகிறவர் சிரித்தார்.

"ஏனுங்க, இனிச் செவுத்துக்கு மட்டும் ஒட்டிப்போட்டுப் போயிருவீங்களா? தரைய ஊட்டுக்காரரே பாத்துக்குவாருங்களா?"

முட்டி போட முடியாதவனுக்கு இந்தத் தொழில் இல்லை. கோவையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "என்ன வேலைங்க?"

"டைல்ஸ் ஒட்டறேனுங்க."

"முட்டி போட்டுங்களா?"

"பின்னே, நின்னுட்டேவா ஒட்டுவாங்க?"

சிரித்துவிட்டார். "உங்களுது ரெண்டே துண்டுங்க. கம்பிக்குப் பதிலாக் கெட்டி நூல்லயே கட்டியிருக்கலாம். அதுலயும் நல்லாக் கூடும், இப்படிக் குத்தாது. பல துண்டா ஒடைஞ்சிருந்தா தகடு வெக்கோணும்."

"அப்ப அவரு செஞ்சது தப்புங்களா?"

"தப்பில்லீங்க. பலகாலமாச் செய்யறதுதான். இத்தன நேரா நானே கட்டுவனான்னு தெரியல."

அதைக் கேட்டதும் கோபம் இன்னும் ஏறியது. இவ்வளவு சுத்தமான கை உள்ளவருக்கு ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லையா?

அந்தம்மா கம்பியை எடுத்தார். மறுபடி வெட்டு, மறுபடி தையல், மறுபடி வேலையில்லாத வாரங்கள். இப்போது முட்டி போடுகிறேன், வலியில்லை. எலும்பைச் சேர்த்தது நீங்கள், தொழிலைத் திருப்பித் தந்தது அவர். இரண்டையும் எல்லாரிடமும் சொல்கிறேன்.

மூட்டு வலி மருத்துவ முகாமில் மைக் பிடித்துப் பேசுகிறீர்கள் அல்லவா? அடுத்த முகாமில் நான் முன்வரிசையில் இருப்பேன். அத்தனை பேர் முன்னால் சொல்லுங்கள்: வேறு வழியும் இருக்கிறது என்று எனக்கு ஏன் சொல்லவில்லை?