மூடுபனியில் ஒரு பதில்

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பேச்சு வராது, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்ப மாட்டாள். பிறர் பார்வைக்குப் பயந்து, மூடுபனி இறங்கும் நாட்களில் மட்டும் அவளை ஏற்காடு ஏரிக்கரைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவேன். மரங்கள்கூட மறைந்துவிடும். அந்த வெண்மைக்குள் நாங்களும் இல்லாததுபோல் மிதந்து திரிவோம்.

ஒருநாள் கழன்ற என் செருப்பை மாட்டக் குனிந்து நிமிர்ந்தேன். அவளைக் காணவில்லை. ஏரித் தண்ணீர் கரையில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதும் கத்த வெட்கப்பட்டு, அவள் பெயரைத் தணிந்த குரலில்தான் கூப்பிட்டேன்.

பூங்கா கூட்டும் பெண் துடைப்பத்தோடு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏனுங்க, இப்படி மெதுவாக் கூப்பிட்டா எப்படிங்க? எஸ்டேட்டுல பனி மூடுனா நாங்க கூவித்தானுங்க ஆளைத் தேடுவோம்" என்றவள், கைகளைக் குவித்து நீளமாகக் கூவினாள்.

பதில் இல்லை. மறுபடி கூவினாள்.

ரோஜாப் பாத்திகளுக்கு அப்பாலிருந்து, அதே நீளத்தில், மெல்லிய "கூ" ஒன்று மிதந்து வந்தது. என் மகள்தான்.

"கண்ணு பதில் சொல்லுதுங்க. இப்ப நீங்க கூவுங்க."

கூவினேன். பனியைக் கிழித்துக்கொண்டு அவள் என்னிடமே நடந்து வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயிலில் போனோம். பூங்கா நிறையக் கூட்டம். இருவரும் கூவிக்கொண்டே நடந்தோம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.