அடியில்லாத ஐந்து பூக்கள்

முத்துசாமி சிராங்கூன் ரோட்டில் மாலை கட்டிக்கொண்டிருந்தவர். 1909இல் செடி ஆராயும் துரை ஒருவரிடம், காட்டில் செடி பறித்துத் தாளில் உலர்த்தும் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த மாதமே வேலை போகப் பார்த்தது.

புக்கிட் தீமா காட்டில் பெயர் தெரியாத மரம் ஒன்றைக் கண்டு ஐந்து வெள்ளைப் பூக்களையும் ஓர் இலைக்கொத்தையும் கொண்டுவந்திருந்தார். அரளியையும் இட்லிப்பூவையும் உருவிப் பழகிய கை. பூவின் குழல் மட்டும் சுத்தமாக வந்துவிட்டது. அடியிலிருந்த பச்சைப் புல்லியும், பின்னால் காயாகும் சூலும் மரத்திலேயே நின்றுவிட்டன.

"பூக்காரன் புத்தி போகுமா?" என்றார் துரையின் எழுத்துவேலை பார்க்கும் கிராணி பரமசிவம். "இதழெல்லாம் ஒட்டியிருக்கு, இலை எதிரெதிரா இருக்கு. தெம்புசு மரத்துக்கும் அப்படித்தான், இட்லிப்பூவுக்கும் அப்படித்தான். சூல் புல்லிக்கு மேலயா கீழயான்னு பார்க்காம எந்தக் குடும்பத்துல சேர்க்கிறது? நாலு மணிக்குக் கப்பல் தபால் கட்டணும். அதுக்குள்ள முழுப்பூ வரலேன்னா நாளையிலேர்ந்து நீ வரவேணாம்னு துரை சொல்லிட்டார்."

முத்துசாமி ஓடினார். போய்ச் சேரும்போது உச்சிவெயில். மரம் இல்லை. ரப்பர் நடுவதற்காக அந்தச் சரிவையே வெட்டித் தீ வைத்திருந்தார்கள். சூட்டில் காலை வைத்து வைத்து எடுத்து, கருகிய கிளைகளைப் புரட்டினார். பூ ஒன்றுகூட இல்லை. அடிக்கிளையில் சுண்டுவிரல் நுனியளவு பச்சைக்காய் ஒன்று வதங்கிக் கிடந்தது.

அதை மடியில் கட்டிக்கொண்டு திரும்பியபோது மணி மூன்றே முக்கால். கிராணி மேசையில் தபாலுக்கு முத்திரை வைக்க அரக்கு தயாராக இருந்தது.

"பூ கேட்டா காய் கொண்டாந்திருக்கான்!" என்றார் பரமசிவம்.

"கிராணி ஐயா, தொரைகிட்ட இதை மட்டும் சொல்லுங்க. புல்லிதான் காயில தொப்பியா நிக்குது. கத்தரிக்காய்க்குத் தொப்பி காம்புப் பக்கம். கொய்யாவுக்குத் தலையில. இதுக்கும் தலையிலதான். தொப்பிக்குக் கீழ காய் பருத்திருக்கு. அப்ப சூலும் கீழதானே இருந்திருக்கும்?"

இந்தக் கதையைச் சொல்லும் நான் எங்கள் ஊரில் பி.ஏ. வரை போன முதல் ஆள். இந்தச் சூல் பாடத்தைக் கரும்பலகைப் படம் பார்த்துப் படித்தேன். முத்துசாமி ஏழு மைல் ஓடிவரும் வழியில் யோசித்திருக்கிறார்.

பரமசிவம் தபால்கட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்து மேசையிலிருந்து துரை என்னவென்று கேட்க, வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தார். துரை காயை அறுத்தார். லென்ஸை எடுத்தார், துடைத்தார், குனிந்தார். முத்துசாமி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலடிக்க நாலு நிமிடம். துரை பேனாவை மையில் தொட்டு, இட்லிப்பூக் குடும்பத்தின் பெயரைத் தாளில் எழுதினார்.

"நாளைக்கு வா," என்றார் பரமசிவம், அரக்கை உருக்கிக்கொண்டே. "ஆனா காம்போட பறி."