மந்திரியின் மனுக்காரர்

காலையில் முதலில் உள்ளே வருகிற ஆள் சாமான் வாங்க வருகிறாரா, சும்மா கதைக்க வருகிறாரா என்பது பலசரக்குக் கடைக்காரனுக்குச் செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்; என்னைப் போலக் கடை வைத்து நொந்த வியாபாரிகளான உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேரம் பேசாதவர்

வெளிநாட்டில், பென்டில் ஹில் என்ற புறநகரில் என் கடை. 2007இல் நேபாளத் தொப்பி போட்ட முதியவர் ஒருவர் வந்து பாசுமதி மூட்டை விலை கேட்டார். எப்படியும் பேரம் பேசுவார் என்று மூன்று டொலர் கூட்டிச் சொன்னேன். மறு பேச்சில்லாமல் காசை எடுத்து நீட்டினார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. மூன்று டொலரைத் திருப்பிக் கொடுத்து, யார் எவர் என்று விசாரித்தேன். மலை மாவட்டமொன்றில் மூன்று தரம் தேர்தலில் வென்றவர், இரண்டு தரம் சிறை போனவர், ஒரு தரம் மந்திரி. பாலமும் ரோட்டும் போடுகிற இலாகா. இங்கே நேர்ஸ் வேலை செய்யும் மகளோடு இருக்கிறார்.

ஏன் பேரம் பேசவில்லை என்று கேட்டேன். இங்கிலிஷில் அவர் சொன்னது தமிழில் இப்படி வரும்: "வோட்டுக்கு மட்டும்தான் நான் பேரம் பேசிப் பழக்கம், தம்பி."

ஒன்பது மணிக் கதிரை

பிறகு தினமும் ஒன்பது மணிக்கு வந்துவிடுவார். அரிசி மூட்டைகளுக்கு முன்னால் கதிரை போட்டுக் கொடுத்தேன். ஊரிலும் காலையில் முற்றம் நிறைய மனுக்காரர் நிற்பார்களாம். இவர் கதிரையில் இருந்தபடி ஒவ்வொருவராகக் கேட்பாராம். இன்னொரு தரம் தேர்தலில் நிற்கக் கட்சி கூப்பிட்டிருந்தது. விமான டிக்கெட்டும் போட்டாயிற்று. அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை அதுதான்.

ஒரு நாள், மூட்டைகளுக்கும் சுவருக்கும் இடையில் ஆளில்லாத மூலையைப் பார்த்து நேபாளியில் கதைத்துக்கொண்டிருந்தார். இடையில் நிறுத்துவார், பதில் கேட்பது போலத் தலையாட்டுவார். சாமான் எடுத்துக்கொண்டிருந்த அன்ரி ஒருவர் கூடையை அப்படியே வைத்துவிட்டுப் போனார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இது கடையா மந்திரி வீடா என்று சத்தம் போட்டேன். அவர் திரும்பாமலே கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் பொறு. இவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை."

ஈரம்

அந்த மூலை ஈரமாகத் தொடங்கியது. மாதக்கணக்காக மழை இல்லை. பிளம்பர் வந்து, அந்தச் சுவரில் குழாயே இல்லை என்றார். துடைத்துப் பிழிந்தால் மொப்பில் ஆற்று மணல்.

அதே மலை மாவட்டத்து மாணவி ஒருத்தி என்னிடம் பருப்பு வாங்குவாள். அவளிடம் கேட்டேன். இவர் மந்திரியாக இருந்தபோது ஒரு ஊர்க்காரர் தொங்குபாலம் கேட்டு மூன்று நாள் நடந்து வந்து மனுக் கொடுத்தாராம். அந்த ஊர் தனக்கு வோட்டுப் போடவில்லை என்று இவர் மனுவை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டாராம். அந்த மழைக்காலத்தில் கயிற்றைப் பிடித்து ஆறு கடந்த மனுக்காரரை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. சொல்லிக்கொண்டே மூலையைப் பார்த்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கிள், இனி நான் வேறு கடையில் வாங்குகிறேன். அந்த நனைந்த ஆள் என்னைப் பார்க்கிறார்."

ஆகக் குறைந்த விலை

மந்திரி ஊருக்குப் புறப்பட ஒரு கிழமை இருந்தது. மனுக்காரரும் கூடவே விமானம் ஏறுவாராம், கையெழுத்து வாங்காமல் விடமாட்டாராம் என்று சொன்னார். பதவி போனவரின் கையெழுத்தில் பாலம் வருமா? எனக்குப் பொறுக்கவில்லை. மூலைக்கு முன்னால் போய் நின்று, பாலத்தை விடு, ஆகக் குறைந்தது என்ன வேண்டும், ஒரே விலை சொல் என்று கேட்டேன். என் கணுக்கால் வரை குளிர்ந்தது. மனுக்காரரின் பதிலைக் காது கொடுத்துக் கேட்ட மந்திரியின் முகம் வெளுத்தது. ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று மந்திரியே எழுத வேண்டுமாம். ஊர்ப் பத்திரிகையில் வர வேண்டுமாம். வந்தால் தேர்தல் இல்லை.

மந்திரி என் பேனாவை வாங்கி எழுதிக் கையெழுத்திட்டார். மகள் அதை ஃபக்ஸில் அனுப்பினாள். பத்திரிகையில் வந்தது. கட்சி வேறு ஆளை நிறுத்தியது. மூலை காய்ந்தது.

அடுத்த நாள் ஒன்பது மணிக்கு வழக்கம்போல வந்து கதிரையில் இருந்தார். மூலையைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். படி முழுக்க நனைந்திருந்தது.

"கதவை அகலத் திற, தம்பி. மற்ற ஊர்களின் மனுக்காரரும் வந்துவிட்டார்கள்."

ஒருவருக்கு விலை இறக்கிக் கொடுத்தால் தெருவே திரண்டு வரும் என்பது மந்திரிக்குத் தெரியாமல் இருக்கலாம், கடைக்காரனான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.