மூடியே இருந்த இடது கை

நம்பாதவர்கள் நம்பாமலே இருந்துகொள்ளுங்கள், நானும் உங்கள் கட்சிதான். பதினெட்டு வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசியும் குப்பியுமாகக் கழித்துவிட்டு, நாற்பத்து நான்கு வயதில் நரம்பியல் படிக்கப் போய்ச் சேர்ந்தவள் நான். முதல் நாள் வகுப்பில் நுழைந்தபோது டீச்சர் என்று நினைத்துப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். நெஞ்சில் ஏறி உட்கார்ந்து பேய் அமுக்கியது என்று யாராவது சொன்னால், உடம்பு எழும் முன் மனசு எழுந்துவிட்ட நேரம் என்பேன். செத்தவர் குரல் கேட்டது என்றால், கேட்டுப் பழகிய காது என்பேன். எதற்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது, பதில் இருக்கிறது என்கிற திமிரும் இருந்தது.

அந்தத் திமிரில் வாரம் ஒரு முறை மண்ணூர்பேட்டையில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவியல் துணுக்கு போடுவேன். கொட்டாவி ஏன் தொற்றுகிறது, நம்மை நாமே ஏன் கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடிவதில்லை, அடிக்காத செல்போன் ஏன் பாக்கெட்டில் அதிர்கிறது, இப்படி. ஒரு வாரம் இதை எழுதினேன்: "கை போனாலும் கைவலி போகாது! உங்கள் மூளை எவ்வளவு பெரிய புளுகுமூட்டை தெரியுமா?" கீழே சிரிக்கிற பொம்மை. தெருவே கட்டைவிரல் தூக்கியது. என் தம்பி ஏழுமலையும் தூக்கினான். அப்போது அவனுக்கு இரண்டு கட்டைவிரல் இருந்தது.

அடுத்த மாதம் இல்லை.

ஏழுமலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எங்கள் வாயில் அது எஸ்டேட், ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டுகிறவன். வேலை இதுதான்: தட்டையான வட்டத் தகட்டை உள்ளே வைக்க வேண்டும், இரண்டு பக்கமும் இருக்கிற இரண்டு பொத்தான்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும், மேலேயிருந்து இரும்பு இறங்கித் தகட்டைக் குட்டிக் கிண்ணமாக ஆக்கிவிட்டு ஏறும், கிண்ணத்தை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த தகடு. இரண்டு கையும் பொத்தானில் இருந்தால்தான் இரும்பு இறங்கும் என்பது கையைக் காப்பாற்ற எவரோ ஒரு நல்ல மனுஷன் யோசித்து வைத்த ஏற்பாடு. அந்த நல்ல மனுஷனுக்கு நம் ஆட்களைத் தெரியாது. வேகம் பத்தவில்லை என்று இடது பொத்தானில் ஒரு மரத்துண்டைச் செருகி அமுக்கியே வைத்துவிடுவார்கள். வலது கை அழுத்த அழுத்த இடது கை தகடு வைத்துக்கொண்டே இருக்கும். ஆய்வுக்கு ஆள் வருகிற நாளில் மரத்துண்டு சூப்பர்வைசரின் சட்டைப்பைக்குப் போகும், மறுநாள் பொத்தானுக்குத் திரும்பும். எல்லோருக்கும் தெரியும், எந்தக் காகிதத்திலும் கிடையாது. ஏழுமலையின் மிஷினுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. உள்ளே ஏதோ தேய்ந்துபோய், யாரும் அழுத்தாமலே சில சமயம் இரண்டாவது தடவை இறங்கும். இரண்டு முறை சொல்லியிருக்கிறான். பார்க்கலாம் என்றார்கள். பார்த்தார்கள்.

இடது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஐந்து வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது, தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு: இடது பொத்தானை நானே மரத்துண்டால் முடக்கிவிட்டு, தகடு வைக்கும்போது எனது கவனக்குறைவினால் கை சிக்கிக்கொண்டது. திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. கையெழுத்து போட்டால் கேட்டில் வாட்ச்மேன் வேலை.

கவனக்குறைவு. அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு நான் சமையலறைக்குப் போய் ஒரு சில்வர் தட்டைச் சுவரில் வீசினேன். தட்டு உருண்டு உருண்டு வெகுநேரம் கத்தியது.

ஏழுமலைக்குக் கோபம் வரவில்லை, அதுதான் என்னைக் கொன்றது. அவனுக்கு வேறு பிரச்சினை.

"நீ வெச்சியாடா அந்தக் கட்டைய?" என்று கேட்டேன்.

"அதான்க்கா தெரில. காலைல கட்ட இல்ல, அது ஞாபகம் கீது. கை நெறைய தகடு எடுத்துகினேன், அதுவும் ஞாபகம் கீது. அப்பறம் பாத்தா ஆஸ்பத்திரி ஃபேனு. நடுவுல ஒண்ணுமே இல்ல. நானே வெச்சிகினேனோ இன்னாவோ." கட்டுப் போட்ட முனையைப் பார்த்துக்கொண்டே, "என் கைய நானே உட்டுட்டேனா, அத்த மட்டும் சொல்லுக்கா. நீதான் மூளைக்குப் படிக்கிறியே" என்றான்.

நான் படித்ததில் அதற்குப் பதில் இல்லை. இல்லாத கை வலித்தால் அது மூளையில் வரைந்து வைத்த பழைய படம் என்று தெரியும், கடைசியாக இருந்த நிலையிலேயே அந்தக் கை சில பேருக்கு உறைந்துபோகும் என்றும் தெரியும். இவனுக்கு அப்படித்தான்.

"மூடிகினே கீதுக்கா. தொறன்னா தொறக்க மாட்டேங்குது. உள்ள அப்டியே எரியுது."

எங்கள் வீடு எஸ்டேட்டுக்கு அந்தண்டை. திங்கள் முதல் சனி வரை பிரஸ் அடிக்கிற அதிர்வு தரை வழியாக வரும், ஒவ்வோர் அடிக்கும் அவன் இடது தோள் துள்ளும், தூக்கத்திலும் துள்ளும், அவன் பெண்டாட்டி கஸ்தூரி அந்தத் தோளின் மேல் கையைப் போட்டு அமுக்கிக்கொண்டே படுத்திருப்பாள்.

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு, உலகம் பூராவும் செய்கிறார்கள், மந்திரமில்லை. ஒரு பெட்டிக்கு நடுவில் கண்ணாடியை நிற்க வைப்பது. இருக்கிற கையைக் கண்ணாடிக்கு முன்னால் நீட்டி, இல்லாத கையின் மிச்சத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்துவிட்டால், கண்ணாடியில் தெரிகிற பிம்பம் போன கை திரும்பி வந்தது மாதிரி இருக்கும். நல்ல கையை விரித்தால் பிம்பமும் விரியும். மூளை அதைப் பார்த்து, சரி, கை திறந்துவிட்டது என்று சமாதானமாகும். அம்பத்தூர் ஓ.டி.யில் கண்ணாடி வாங்கி, மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில் பொருத்தினேன். விசாரணைக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்று மணி. கரண்ட் இல்லை. எஸ்டேட் லீவு, தரை செத்த மாதிரி கிடந்தது. ஜன்னல் வெயில் மேஜை மேல் பளீரென்று விழுந்தது. இருட்டில் எதையோ பார்த்துவிட்டாள் என்று நீங்கள் சொல்லக்கூடாது பாருங்கள், அதற்காகச் சொல்கிறேன்.

கஸ்தூரி பெட்டிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். "பொட்டிக்குள்ள கைய உட்டா புறா வருமாக்கா?"

"வந்தா கொழம்பு வெச்சிடு" என்றான் ஏழுமலை. ஐந்து வாரத்தில் அவன் அடித்த முதல் ஜோக்.

வலது உள்ளங்கையை மேஜையில் தட்டையாக வைக்கச் சொன்னேன். வைத்தான். அவன் வலது தோளுக்குப் பின்னால் நான் குனிந்து நின்றேன், அவன் பார்ப்பதே எனக்கும் தெரிகிற மாதிரி.

கண்ணாடிக்குள் இருந்த கை தட்டையாக இல்லை.

நான் மேஜையைப் பார்த்தேன். வலது கை, ஐந்து விரலும் நீட்டி, பலகை மாதிரி. கண்ணாடியைப் பார்த்தேன். அங்கே ஓர் இடது கை, விரல்கள் வளைந்து, கட்டைவிரல் உள்பக்கம் மடங்கி, எதன் விளிம்பையோ பிடித்துத் தூக்கப் போகிற கை. மறுபடியும் மேஜை. மறுபடியும் கண்ணாடி. மூன்று தடவையோ நான்கு தடவையோ தலையைத் திருப்பினேன், வெயில் அதே வெயில், விசிறி அதே சத்தம், இரண்டு கையும் இரண்டு விதம். கண்ணாடியில் கோணலா என்று பார்த்தேன். பின்னால் இருந்த மேஜை விளிம்பு நூல் பிடித்த மாதிரி நேராகத் தெரிந்தது.

"கப்புக்கா" என்றான் ஏழுமலை. குரல் எங்கேயோ ஆழத்திலிருந்து வந்தது.

"இன்னாது?"

"கைக்குள்ள. தகடு இல்லக்கா, கப்பு. தகடுன்னா வெரலு நீட்டிகினு இருக்கும், சில்லுனு இருக்கும். இது வளைஞ்சி கீது பாரு. சூடா கீது."

எனக்குப் புரிய இரண்டு மூச்சு ஆனது. தட்டைத் தகட்டை வைக்கிற கை நீட்டிய கை. அடித்து முடித்த கிண்ணத்தை எடுக்கிற கைதான் வளைந்த கை. அடித்த சூடு அப்போது அதில் இருக்கும். இவன் கை கிண்ணத்தைப் பிடித்திருந்தால், இரும்பு ஒரு தடவை இறங்கி ஏறி முடித்துவிட்டது, இவன் எடுக்கக் கையை விட்டிருக்கிறான், அது தானாக இரண்டாவது தடவை இறங்கியிருக்கிறது. மரத்துண்டுக்கும் தகட்டுக்கும் கவனக்குறைவுக்கும் அங்கே இடமே இல்லை.

"மூளை காட்டுதுடா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், பழக்கம். சொல்லவில்லை. அவன் மூளை அவனுக்குக் காட்டலாம். எனக்கு ஏன் காட்ட வேண்டும்?

பிறகு அந்தக் கை திறந்தது. சுண்டுவிரல் முதலில், அப்புறம் மோதிரவிரல், ஒவ்வொன்றாக, மெதுவாக, எதையோ பத்திரமாக இறக்கி வைக்கிற மாதிரி. மேஜையில் இருந்த வலது கை இம்மியும் அசையவில்லை. கடைசியில் கட்டைவிரலும் விரிந்து, கண்ணாடியில் எல்லாருக்கும் தெரிகிற சாதாரணப் பிம்பம் மட்டும் இருந்தது. ஏழுமலை மூச்சு விட்டான். "தொறந்துடுச்சி" என்றான். அங்கேயே தரையில் படுத்து இருட்டும் வரை தூங்கினான்.

"ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி கீறீங்க. இன்னா ஆச்சி?" என்று அவன் படுக்கும் முன்பே கேட்டிருந்தாள் கஸ்தூரி. அவள் பக்கம் கண்ணாடியின் முதுகுதான்.

திங்கட்கிழமை காலை பிரஸ் அடிக்க ஆரம்பித்துத் தரை அதிர்ந்தது, அவன் தோள் துள்ளவில்லை. விசாரணைக்கு நானும் கூடப் போனேன். ஏசி அறை, மேஜைக்குப் பின்னால் ஹெச்.ஆர். அதிகாரி, ஓரத்தில் சூப்பர்வைசர், மேஜை மேல் அந்தக் கடிதம், பேனாவின் மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார்கள், ஒற்றைக் கைக்காரன் சிரமப்படக் கூடாதாம். ஏழுமலை பேனாவைத் தொடவில்லை.

"நான் தகடு வெக்கல சார். கப்பை எடுத்துகினு இருந்தேன். மிஷினு ரெண்டாந்தபா எறங்கிச்சி."

"ஞாபகம் இல்லைன்னு ஆஸ்பத்திரில சொன்னீங்களே?"

"இப்ப கீது."

அதிகாரி என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "மேடம், நீங்க படிச்சவங்க. அதிர்ச்சில மூளை ஏதேதோ காட்டும், அதை நம்ப முடியுமா? நீங்களே சொல்லுங்க."

என் துணுக்கை எனக்கே படித்துக் காட்டுகிற மாதிரி இருந்தது. மூளை புளுகும், உங்கள் காகிதம் புளுகாதா என்று கேட்க எழுந்தேன், அதற்குள் ஓரத்திலிருந்து சூப்பர்வைசர் அதிகாரியிடம் குனிந்து, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "நசுங்குன கப்பை நான் அப்பவே ஸ்க்ராப்ல போட்டுட்டேன் சார், இவனுக்கு எவன் சொன்னது?" என்றான்.

அதிகாரி பேனாவை எடுத்து மூடியைப் போட்டார்.

"இன்னொரு தபா சொல்லு அண்ணாத்தே" என்றான் ஏழுமலை. "எங்கக்கா காதுல உழல."

கையெழுத்து போடவில்லை. வேலை போயிற்று, வழக்கு நடக்கிறது, எப்போது முடியும் என்று தெரியாது, அந்த மிஷினில் இப்போது வேறு யாரோ நிற்கிறார்கள், அதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் என் கையை நானே விட்டேனா என்று அவன் அதற்குப் பிறகு யாரிடமும் கேட்டதில்லை. வலியும் திரும்பவில்லை. துணுக்கு எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன்.

இதற்கெல்லாம் விளக்கம் சொல்ல என்னால் முடியும். கண்ணாடியைப் பார்த்ததும் புதைந்திருந்த நினைவு அவனுக்குத் திரும்பியது. ஐந்து வாரக் கோபமும் வெக்கையும் சேர்ந்து, நான் பார்க்க விரும்பியதை என் கண் பார்த்தது. பரீட்சையில் கேட்டால் இப்படித்தான் எழுதுவேன், மார்க்கும் போடுவார்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் அவனிடமும் சொல்லவில்லை, கஸ்தூரியிடமும் சொல்லவில்லை. ஒற்றைக் கைக்காரன் தன் நகத்தைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது. அந்த ஞாயிறு காலையில்தான் கஸ்தூரி அவன் வலது கையை மடியில் போட்டு, சதையோடு ஒட்ட வெட்டிவிட்டிருந்தாள். நான் பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குள் இருந்த கையில் நகங்கள் நீளமாக இருந்தன. ஐந்து வாரம் யாரும் வெட்டாத நகங்கள். அவற்றின் அடியில் மிஷின் எண்ணெயின் கறுப்பு.

ஆஸ்பத்திரியில் அந்தக் கையை என்ன செய்தார்கள் என்று நாங்கள் கேட்கவே இல்லை. இப்போதும் வாரா வாரம் கஸ்தூரி நகவெட்டியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தால், நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.